லண்டனில் இருந்து இரண்டு நாள் போர்ட்ஸ்மவுத் போய் வர எப்படித் திட்டமிடலாம்? அம்மா அப்பாவும் உடன் வருகிறார்கள், ஷாப்பிங்கில் ஆர்வம் இல்லை

பக்கத்தில் சவுத்தாம்ப்டனில் இருப்பதால் ஊரில் இருந்து யார் வந்தாலும் நான் கூட்டிப் போகும் இடம் இதுதான். ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன்: முதல் நாள் முழுவதையும் பழைய கப்பல் துறைக்குக் கொடுங்கள், இரண்டாம் நாள் காசு செலவழிக்காமல் கடலோரம் நடங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் பெரியவர்களுக்குக் கால்வலிதான் மிஞ்சும்.

லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறினால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். போர்ட்ஸ்மவுத் என்று பெயர் தெரிந்தவுடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடாதீர்கள், அது போர்ட்ஸ்மவுத் அண்ட் சவுத்ஸீ, ஊருக்கு நடுவில் இருக்கிறது. கடைசி நிலையமான போர்ட்ஸ்மவுத் ஹார்பர் வரை வாருங்கள். அந்த நிலையமே தண்ணீருக்கு மேல் தூண்கள் மீதுதான் நிற்கிறது. வெளியே வந்தால் கப்பல் துறையின் வாசல் சில நிமிட நடை. கப்பல் துறைக்கான நுழைவுச் சீட்டை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள், ஒவ்வொரு கப்பலுக்கும் தனித்தனியாக வாங்குவதைவிடச் சேர்த்து வாங்குவது லாபம்.

உள்ளே போனதும் எல்லோரும் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பலைப் பார்த்து ஓடுவார்கள். நீங்கள் மேரி ரோஸுக்குப் போங்கள், காலையில் கூட்டம் குறைவு. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் அது. இதே ஊரில் கட்டப்பட்டு, 1545 ஜூலையில் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடந்தபோது ராஜா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கியது. கப்பலில் இருந்த ஐந்நூறு பேர் அளவில் முப்பத்தைந்து பேர்கூடப் பிழைக்கவில்லை. சேற்றில் புதைந்து கிடந்த ஒரு பக்கம் மட்டும் அழுகாமல் தப்பியது, அதை 1982-இல் தூக்கினார்கள். காய்ந்தால் மரம் சுருங்கி வெடித்துவிடும் என்பதால் வருடக்கணக்கில் முதலில் தண்ணீரும் பிறகு ஒருவகை மெழுகுக் கரைசலும் தெளித்துக்கொண்டே இருந்தார்கள், 2013-இல்தான் அதை நிறுத்திக் காயவிட ஆரம்பித்தார்கள்.

இருட்டான நடைபாதையில் ஒரு பக்கம் அந்தப் பாதிக் கப்பல், எதிர்ப்பக்கம் அதே தளத்தில் கிடைத்த பொருட்கள் என்று வைத்திருப்பது நல்ல யோசனை. பீரங்கிகளை நான் பெரிதாகக் கவனிப்பதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மரச்சீப்புகளைப் பாருங்கள்: ஒரு பக்கம் அகலப் பல், மறுபக்கம் நெருக்கமான பல், அப்படியே நம் வீட்டுப் பேன் சீப்பு. அந்தக் காலத்துக் கப்பல்காரனின் தலைப் பேன் கூட அதில் மிச்சம் இருந்ததாம். அம்மா அங்கேயே நின்றுவிடுவார், பாருங்கள். தச்சரின் அறைக்கு அருகில் கிடைத்த நாயின் எலும்புக்கூடும் அங்கே முழுசாக இருக்கிறது. லிஃப்ட் உண்டு, முட்டிவலிக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை.

விக்டரி அப்படி இல்லை. 1805 டிராஃபால்கர் கடற்சண்டையில் நெல்சன் குண்டடிபட்டு விழுந்த இடத்தில் சின்னத் தகடு பதித்திருக்கிறார்கள், பார்க்க வேண்டியதுதான், ஆனால் கீழ்த்தளங்களில் குனிந்துதான் நடக்க வேண்டும், படிகள் ஏணி மாதிரி செங்குத்து. அப்பா உயரமானவர் என்றால் தலை பத்திரம்! இன்னொன்று, 2022-இல் தொடங்கிய பெரிய பழுதுபார்ப்பு பல வருடம் ஓடும் வேலை, நடுப் பாய்மரத்தைக் கழற்றிவிட்டார்கள், சாரமும் கட்டியிருக்கிறார்கள். போட்டோவில் பார்த்த கம்பீரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அந்தக் குறையை வாசல் பக்கம் மிதக்கும் வாரியர் தீர்த்துவைக்கும், 1860-இல் கடலில் இறக்கிய இரும்புக் கப்பல், தளம் அகலம், நிதானமாக நடக்கலாம்.

(திருகோணமலைக்காரர்கள் படித்தால் அவர்களுக்காக ஒன்று: பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டி 1817-இல் இறக்கிய டிரிங்கோமலி என்ற கப்பலும் பல காலம் இந்தத் துறைமுகத்தில்தான் நின்றது, வேறு பெயரில், பயிற்சிக் கப்பலாக. இப்போது வடக்கே ஹார்ட்டில்பூலில் இருக்கிறது, இங்கே தேட வேண்டாம்.)

இரண்டாம் நாள் ஓல்ட் போர்ட்ஸ்மவுத்தில் தொடங்குங்கள். துறைமுக வாயிலில் ரவுண்ட் டவர் என்ற பழைய கோட்டைக் கோபுரம் இருக்கிறது, ஏறிப் பார்க்கக் கட்டணம் கிடையாது. அந்த இடத்தில் வாய் அவ்வளவு குறுகல் என்பதால் ஒரு காலத்தில் எதிரிக் கப்பல் நுழையாமல் இருக்கக் குறுக்கே சங்கிலியே கட்டியிருந்தார்கள். இன்றைக்கு பிரான்சுக்குப் போகும் பெரிய ஃபெரி அந்த இடுக்கு வழியாக வரும்போது நம் தலைக்கு மேல் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் நகர்ந்து போகும். துறைமுக அதிகாரியின் இணையதளத்தில் அன்றன்று எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு என்று போடுவார்கள், முந்தின நாள் ராத்திரி பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 280 மீட்டர் நீளமுள்ள விமானந்தாங்கிக் கப்பல் போகும் நாள் அமைந்தால் மற்றதை எல்லாம் தள்ளி வைத்துவிட்டுச் சுவரில் இடம் பிடியுங்கள், ஊரே வந்து நிற்கும்.

அங்கிருந்து கரையோரமாகவே சவுத்ஸீ கோட்டை வரை நடக்கலாம், வழி நெடுகப் பெஞ்ச் இருக்கிறது. மேரி ரோஸ் மூழ்கியதை ராஜா பார்த்தது இந்தக் கோட்டைப் பக்கம் நின்றுதான். எதிரே தெரிவது வைட் தீவு. பத்து நிமிடத்தில் அங்கே கொண்டுபோய் விடும் ஹோவர்கிராஃப்ட் சவுத்ஸீயில் கிளம்புகிறது, இங்கிலாந்தில் இப்படி முறையாக ஓடும் சேவை வேறெங்கும் இல்லை. ஏறாவிட்டாலும் பரவாயில்லை, அது கல் கடற்கரையில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஏறி வருவதைப் பார்ப்பதே போதும். இரண்டாம் உலகப் போரின் நோர்மண்டித் தரையிறக்கம் பற்றிய டி-டே அருங்காட்சியகமும் பக்கத்தில்தான், மழை பிடித்துக்கொண்டால் அங்கே ஒதுங்குங்கள்.

துறைமுகத்தை ஒட்டி நிற்கும் காட்சிக் கோபுரமான ஸ்பின்னக்கர் டவர் 170 மீட்டர், தெளிவான வானம் என்றால் மட்டும் ஏறுங்கள், மேகமூட்டத்தில் காசு தண்டம். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் பிறந்த வீடு சின்னது, திறந்திருக்கும் நாட்களும் குறைவு, நான் விட்டுவிடுவேன்.

தங்குவதற்கு ஹார்பர் பக்கத்து ஹோட்டல்களைவிட சவுத்ஸீயில் பார்க்கலாம், அமைதி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆல்பர்ட் ரோடு, சைவமும் கிடைக்கும். மதியம் கடற்கரையில் மீனும் சிப்ஸும் வாங்கினால் பொட்டலத்தைக் கையில் மூடிப் பிடித்துக்கொள்ளுங்கள், அங்கே கடற்காகங்கள் ரொம்பத் துணிச்சல். அப்புறம், ஜூலையிலும் காற்று அடிக்கும், அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர்.