மோதிரம் ஏன் கழலவில்லை?

கேள்வி: எனக்கு வரலாறு படிக்கும் பழக்கம் உண்டு. அந்தக் காலத்து மனிதர்கள் பட்ட பாட்டைப் படித்தால், நமக்கு வாய்த்திருப்பது ராஜ வாழ்க்கை என்று புரியும். அதை வீட்டில் சிரிக்கச் சிரிக்கச் சொல்வேன். அப்பா பல்வலி என்று முனகினால், மயக்க மருந்து இல்லாமல் பல் பிடுங்கிய கதை. மகனுக்கு ஷூ கடித்துக் கொப்புளம் வந்தபோது, 1924-இல் அமெரிக்க அதிபர் கூலிட்ஜின் 16 வயது மகன் கால்விரல் கொப்புளத்தால் செத்துப்போன கதை. மனைவிக்கு இது எட்டாவது மாதம். மோதிரம் கழலவில்லை, சோப்புப் போட்டு இழுத்தும் வரவில்லை, தலை வேறு விண்விண் என்று தெறிக்கிறது என்றாள். "14-வது பிரசவத்தில் இறந்த மும்தாஜை நினைத்துக்கொள்" என்றேன். அதன்பிறகு பத்து நாளாக ஒரு குறையும் சொல்லவில்லை. மற்றவர்கள்தான் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்கிறார்கள். இவர்களுக்கு நன்றியுணர்வை எப்படிப் புரியவைப்பது?
— பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, இந்தப் பதில் அச்சாகும்வரை காத்திருக்க முடியாது என்று உங்கள் மின்னஞ்சலுக்கு அன்றே இரண்டு வரி எழுதிவிட்டேன். மனைவியை இன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள் என்று. போயிருப்பீர்கள் என்று நம்பித்தான் மீதியை எழுதுகிறேன். போகவில்லை என்றால் இதை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது பெரும்பாலும் சாதாரணம். ஆனால் மோதிரம் இறுகுகிற அளவுக்குக் கை வீங்கி, கூடவே தலையும் தெறிக்கிறது என்றால் சும்மா விட்டுவிடக் கூடாது. ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருக்கலாம். முகம் திடீரென்று நீர் கோத்ததுபோல் உப்புவது, கண்முன் பூச்சி பறப்பது, பார்வை மங்குவது, விலாவுக்குக் கீழே வலிப்பது எல்லாம் இதே கூட்டத்தைச் சேர்ந்தவை. முற்றினால் வலிப்பு வரும். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதைச் சொல்லவேண்டியது டாக்டர், மும்தாஜ் அல்ல.

மும்தாஜை நீங்கள்தான் கூப்பிட்டீர்கள், அதனால் அந்தக் கதையையே எடுத்துக்கொள்வோம். 1631-இல் புர்ஹான்பூரில் அந்த அம்மா இறந்தபோது கணவர் ஒரு பேரரசர். ஆளுக்கும் பஞ்சமில்லை, பணத்துக்கும் பஞ்சமில்லை. இருந்தும் உங்கள் தெரு முனைக் கிளினிக்கில் கிடக்கிற ஒரு கருவி அவரிடம் இல்லை. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து ரத்த அழுத்தம் அளக்கும் முறையை இத்தாலியில் ரீவா-ரோச்சி என்ற டாக்டர் வெளியிட்டதே 1896-இல்தான். ஷாஜகானால் முடிந்தது, செத்தபிறகு பளிங்கில் சமாதி கட்டுவது. உங்களால் முடிந்தது, உயிரோடு இருக்கும்போது ஆட்டோ பிடிப்பது. அதைச் செய்யாமல் அவர் கதையைச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நன்றிகெட்டவர் யார் என்று உங்கள் வீட்டில் ஓட்டெடுப்பு வைத்தால் என் ஓட்டு உங்களுக்குத்தான்.

பத்து நாளாகக் குறை சொல்லவில்லை என்று வெற்றிச் செய்திபோல எழுதியிருக்கிறீர்கள். வலி நின்றுவிட்டதா என்று கேட்டீர்களா? கடிதத்தில் அந்த வரி இல்லை. மோதிரத்தைக் கடைசியில் எப்படிக் கழற்றினாள், கழற்றினாளா இல்லையா, அதுவும் இல்லை. இவரிடம் சொல்லிப் பயனில்லை என்று ஒரு பெண் முடிவுகட்டிவிட்டால் வீடு இப்படித்தான் அமைதியாகும். கணவனுக்கு ஆயிரம் கடமை இருக்கலாம். பிள்ளை சுமக்கும் மனைவிக்கு எங்கே வலிக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது முதல் கடமை என்று நினைக்கிற பழைய ஆள் நான்.

உங்களுக்கு வரலாறு பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், அதுவும் இந்த மாதிரி ரத்தம் சொட்டுகிற பக்கங்கள்தான். ஒன்று சொல்கிறேன். 1840-களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும், மற்றதில் மருத்துவச்சிகள். டாக்டர்கள் பிரிவில் நூற்றுக்குப் பத்துத் தாய்மார் செத்தார்கள். மருத்துவச்சிகளிடம் நான்கு பேருக்கும் குறைவு. எந்த நாளில் வருகிறாள் என்பதைப் பொறுத்து எந்தப் பிரிவு என்று முடிவாகும். டாக்டர்கள் பிரிவு என்று தெரிந்தால் பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள், எங்களை அங்கே அனுப்பாதீர்கள் என்று. தெருவிலேயே பெற்றுக்கொண்டவர்களும் உண்டு. படித்தவர்கள் இதற்குச் சொன்ன விளக்கங்களில் ஒன்று என்ன தெரியுமா? இவர்கள் பயத்தினால்தான் சாகிறார்களாம்! மணியடித்துக்கொண்டு வருகிற பாதிரியாரைப் பார்த்து மிரண்டுவிடுகிறார்களாம்.

1847-இல் செம்மல்வைஸ் என்ற டாக்டர் காரணத்தைப் பிடித்தார். சவ அறையில் பிணத்தை அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு ஜூனில் இரண்டு சொச்சத்துக்கு இறங்கியது. நான் சொல்ல வருவது கை கழுவுவதைப் பற்றி அல்ல. மண்டியிட்டு அழுத பெண்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. படித்தவர்கள்தான் அதைப் புலம்பல் என்று ஒதுக்கினார்கள். நீங்கள் மெச்சுகிற இந்தக் காலம், இப்படிப்பட்ட புலம்பல்களை யாரோ ஒருவர் காது கொடுத்துக் கேட்டதால் வந்தது.

இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. கணவர்கள் மட்டுமில்லை, மாமியார்களும் எழுதுகிறார்கள்: "நாங்களெல்லாம் பெறவில்லையா?" பெற்றீர்கள் அம்மா, பிழைத்தும் இருக்கிறீர்கள். பிழைக்காதவர்கள் யாரும் இந்த வசனத்தைப் பேச வருவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். 1853-இல் விக்டோரியா மகாராணி எட்டாவது பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏற்கெனவே ஏழு பெற்றவர்தானே, பல்லைக் கடித்துக்கொண்டால் என்ன என்று முணுமுணுத்தவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள்.

இருண்ட நகைச்சுவையோடு நன்றி சொல்லவே கூடாதா என்றால், தாராளமாகச் சொல்லலாம். லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்பவருக்கு 1658-இல், 25 வயதில், மூத்திரப்பைக் கல்லை அறுத்து எடுத்தார்கள். மயக்க மருந்து கிடையாது, கட்டிப்போட்டு அறுத்தார்கள். பிழைத்தவர், வருஷா வருஷம் அதே தேதியில் விருந்து வைக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டார். அந்தக் கல்லைப் பெட்டி செய்து பத்திரப்படுத்தியும் வைத்திருந்தார். எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். ஆனால் பாருங்கள், அது அவருடைய கல். உங்களுக்குப் பல்வலி வரும்போது பழைய பல் பிடுங்கிகளை நினைத்துச் சிரித்துக்கொள்ளுங்கள், யார் தடுக்கப்போகிறார்கள்? அடுத்தவர் வலியை வைத்து நீங்கள் விருந்து கொண்டாடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம், மகனின் கொப்புளம். கூலிட்ஜ் கதையை முழுதாகச் சொன்னீர்களா? சாக்ஸ் இல்லாமல் டென்னிஸ் ஆடியதில் வந்த கொப்புளம், அதில் கிருமி ஏறி ரத்தத்தில் கலந்து, சில நாட்களில் முடிந்துபோனது. அப்போது பென்சிலின் கிடையாது. இப்போது இருக்கிறது, ஆனால் பையன் காலை யாராவது பார்த்தால்தானே மருந்து வாங்குவார்கள்? கதை சொன்ன அன்று ஷூவைக் கழற்றிப் பார்த்தீர்களா? அவன் பிள்ளை, சாவுக் கதை கேட்டுப் பயந்துபோய் அடுத்த முறை மறைத்துவிடுவான். அவன் அம்மா ஏற்கெனவே அதைத்தான் செய்கிறாள். உங்கள் அப்பாவையும் பல் டாக்டரிடம் அனுப்பியதாக எழுதவில்லை. மூன்று பேருக்கு வலி, மூன்று கதை, ஒரு மருந்துச் சீட்டுகூட இல்லை.

இனி செய்யவேண்டியதைச் சொல்கிறேன். மனைவியிடம் நீங்களே போய், அன்றைக்குத் தவறாகப் பேசிவிட்டேன் என்று சொல்லுங்கள், நகைச்சுவை வேண்டாம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் கூடவே போங்கள். ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டு, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். எந்த அறிகுறி வந்தால் ராத்திரியானாலும் கிளம்பி வரவேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள். குழந்தை பிறந்ததும் ஆபத்து முடிந்தது என்று நினைக்காதீர்கள். இந்த ரத்த அழுத்தத் தொல்லை பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரைகூட வரலாம். அந்த ஆறு வாரமும் "தலை வலிக்கிறது" என்று அவள் சொன்னால், உங்கள் வாயிலிருந்து வரவேண்டியது "கிளம்பு, போகலாம்" மட்டும்தான்.