மரபணுவை விடுங்கள், மனைவி சொன்னதைக் கவனியுங்கள்

உங்கள் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அந்த நீண்ட கடிதத்தில் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இது ஒன்றைத்தான் என்று எனக்குத் தோன்றுவதால், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுகளாகச் சோழிங்கநல்லூர் அலுவலகத்தில் இரவுப் பணி பார்த்ததால் உங்கள் மூளையின் மரபணுக்கள் சிதைந்துவிட்டன என்றும், மனைவியின் வயிற்றில் வளரும் ஐந்து மாதக் கருவையும் அது பாதிக்கும் என்றும் ஒரு காணொளி உங்களை நம்பவைத்திருக்கிறது. அஞ்சிய உங்கள் மீது எனக்குக் கோபமில்லை; பாதி உண்மையைச் சொல்லிப் பயத்தைப் பரப்புகிறவர்கள் மீதுதான் கோபம்.

அந்தக் காணொளியில் சொல்லப்படும் 711 என்ற எண் பொய்யன்று. 2013-இல் வெளியான ஆய்வொன்றில், இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தினர் 26 பேரை ஒரு வாரம் நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கவைத்தபோது, அவர்களுடைய இரத்த அணுக்களில் 711 மரபணுக்களின் செயல்பாடு கூடியோ குறைந்தோ காணப்பட்டது. சோதிக்கப்பட்டது இரத்தம் என்பதையும், மரபணுவின் எழுத்துகள் மாறவேயில்லை என்பதையும் காணொளிக்காரர் சொல்லாமல் விட்டுவிட்டார். கச்சேரியில் சாகித்யம் மாறுவதில்லை. எந்த வரியை எத்தனை முறை எடுத்துப் பாடுவது என்பதுதான் மேடைக்கு மேடை மாறுகிறது. மரபணு வெளிப்பாடு என்று மருத்துவர்களாகிய நாங்கள் சொல்வதும் ஏறத்தாழ அத்தகையதே.

உயிரோடிருப்பவரின் மூளையை எடுத்துச் சோதிக்க இயலாது என்பதால், அதைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து கிடைத்தது. எலியை ஐந்தாறு மணி நேரம் தூங்கவிடாமல் வைத்தாலே, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் புரத உற்பத்தி தளர்கிறது. ஹோமர்1ஏ போன்ற மரபணுக்களின் செயல்பாடு விழித்திருக்கும் நேரத்துக்கேற்ப ஏறி, தூங்கியதும் இறங்குகிறது. இப்படி மாறுபவற்றில் பெரும்பாலானவை தூக்கம் கிடைத்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. மூளை அணுக்களில் நிகழும் இந்த ஏற்ற இறக்கம் விந்தணு வழியாகப் பிள்ளைக்குச் செல்வதில்லை. முப்பத்தாறு வயதில் பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வராததற்குத் தூக்கக் குறைவே போதுமான காரணம். அதை மறதி நோய் என்று எண்ண வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் இமை துடிப்பு, கருவளையம், இளநரை எதற்கும் தனி வைத்தியம் தேவையில்லை. மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்டவே கட்டாதீர்கள்.

ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பலத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று பிறகு திணறி விழிப்பதாக மனைவி சொல்கிறார் என்றும், காலையில் பைக்கில் திரும்பும்போது சிக்னலில் ஒருமுறை கண் அயர்ந்தது என்றும், அந்த வரிதான் என்னைக் கவலைகொள்ள வைத்தது. இது தூக்கத்தில் ஏற்படும் மூச்சுத்தடையாக இருக்கக்கூடும். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபட, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, மூளை பதறி உங்களை விழிக்கவைக்கிறது. விழித்தது உங்களுக்கு நினைவிருப்பதில்லை. பத்து விநாடியோ அதற்கு மேலோ நீடிக்கும் இத்தகைய தடைகள் மணிக்கு 30 முறை வந்தாலே கடுமையான நிலை என்போம். பகலில் ஏழு மணி நேரம் படுத்தும் களைப்பு தீரவில்லை என்கிறீர்கள். அதற்கு இதுவே காரணமாகலாம். கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தம் உயரும், பக்கவாதத்துக்கான வாய்ப்பும் கூடும்.

இந்த நிலையில், மருந்துச் சீட்டில்லாமல் கடையில் அல்பிரசோலம் என்ற, பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் மாத்திரையை வாங்கி விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அது தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தி மூச்சுத்தடையை மோசமாக்கக்கூடியது. சீட்டின்றி விற்கவே கூடாத மருந்து அது, கொடுத்தவர் செய்ததும் தவறு. இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடவும் வேண்டாம். தினமும் எடுத்துவந்ததைத் திடீரென்று விட்டால் நடுக்கமும், சிலருக்கு வலிப்பும்கூட வரலாம் என்பதால், மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இந்த வாரமே நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்த்து, தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நீங்கள் பகலில் தூங்குபவர் என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். மூச்சுத்தடை உறுதியானால், முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி உள்ளிட்ட நல்ல சிகிச்சைகள் உள்ளன. அதுவரை பைக்கைத் தொடாதீர்கள், அலுவலக வண்டியிலோ மாநகரப் பேருந்திலோ வீடு திரும்புங்கள். மருத்துவரிடம் போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் மூச்சு நிற்பதை நேரில் கண்டவர் அவர் ஒருவர்தாம்.