லோக்கல் கேபிள் சேனலில் செய்தி வாசித்தவர்களை ‘நியூஸ் ரீடர்’ என்று சொல்லலாமா?

“பேப்பரைப் பார்த்து வாசித்தவர்கள்தானே” என்று கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். நீங்கள் பெரிய சேனலில் வேலைக்கு ஆள் எடுப்பவர் என்று நினைக்கிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறை. 2002-லிருந்து பத்து வருடம் அங்கே செய்தி வாசித்தேன். இரவு எட்டு மணிக்குச் செய்தி, மறுநாள் காலையில் மறு ஒளிபரப்பு. பின்னால் நீலத் துணி. ஃபேன் போட்டால் பேப்பர் பறக்கும், மைக்கில் இரைச்சல் ஏறும், அதனால் நிறுத்திவிடுவார்கள். கேமராவுக்கு முன்னால் வரிகளை ஓட்டிக் காட்டும் டெலிப்ராம்ப்டர் கிடையாது. ஒரே பார்வையில் இரண்டு வரியை வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தூர்தர்ஷனில் ஷோபனா ரவி வாசிப்பதைப் பார்த்துச் சின்ன வயதிலேயே வீட்டில் பழகியது அது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். எங்களுக்கு ஞாயிறு செய்தி இல்லை. ஆனாலும் மத்தியானத்துக்குள் கூப்பிட்டுவிட்டார்கள். கேமராமேன் தம்பி ஜி.எச். வாசலில் நின்று கோடு போட்ட நோட்டில் பெயர்களை எழுதிக்கொண்டு வந்தான். சென்னைச் சேனல்களில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கடலோரத்தில் இருக்கும் தேவனாம்பட்டினத்துக்காரர்களுக்கு எண்ணிக்கை எதற்கு? பெயர்தான் வேண்டும்.

முதல் தடவை வெறும் பெயரை வாசித்துவிட்டேன். ஒரு குப்பத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். உடனே போன். “எந்த வீட்டுப் பிள்ளைம்மா, சொல்லும்மா” என்று ஒரு அம்மா. என்னிடம் பதில் இல்லை. அப்பா பெயர், வயது இல்லாமல் இனி வாசிக்கமாட்டேன், அடையாளம் தெரியாதவர் என்றால் துணி என்ன நிறம் என்றாவது வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தம்பி மறுபடி ஓடினான். அதன் பிறகு ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை வாசித்தேன். அழவில்லை, அழுதால் பெயர் புரியாது. அன்று ஒரு தடவைகூட நான் நிமிரவில்லை. ஆமாம், பேப்பரைப் பார்த்தேதான் வாசித்தேன். ஒரு எழுத்து தப்பினால் வேறு வீட்டில் ஒப்பாரி கேட்கும்.

பிறந்தநாள் வாழ்த்தும் சினிமாப் பாட்டும் ஓட்டிய சேனல்தானே என்று சிலர் வருவார்கள். ஓட்டினோம். திரைக்கு அடியில் ஓடும் ஜவுளிக்கடை விளம்பரக் காசில்தான் தம்பியின் வண்டிக்குப் பெட்ரோல் போட்டது. சென்னையில் வாசிப்பவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் வேலை வேறு.

2011 டிசம்பர் 30 ‘தானே’ புயலில் அந்தச் சேனலும் இல்லாமல் போனது. கேபிள் அறுந்து கிடந்தது, யார் வீட்டிலும் கரண்ட் இல்லை. ஆட்டோவில் மைக் கட்டி, தண்ணீர் லாரி எங்கே வரும், எந்த ரோட்டில் மரம் கிடக்கிறது என்று தெருத்தெருவாக வாசித்துக்கொண்டு போனேன். கேமரா கிடையாது, மேக்கப் கிடையாது. அதையும் செய்தி வாசிப்பு என்றுதான் சொல்வேன்.

      

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்களைப் போன்ற ஒருவர் வேலை கேட்டு வந்தால் ஒரு பேப்பரைக் கொடுத்துப் பாருங்கள். திருப்பாதிரிப்புலியூர், மேல்பட்டாம்பாக்கம், காட்டுமன்னார்கோயில் என்று எங்கள் மாவட்டத்து ஊர்ப்பெயர் மூன்றும் ஒரே வரியில் இருக்கட்டும். கூடவே உங்கள் ஆள் ஒருவரையும் அதே வரியை வாசிக்கச் சொல்லுங்கள்.