ஹானுக்கு நீதி

அன்புள்ள ஐயா,

மேல்நிலைப்பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். ஏழாவது படிக்கும் என் மகனுக்கு ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ என்ற ஹாலிவுட் கார் சாகசப் படங்கள் என்றால் உயிர். இந்தக் கோடை விடுமுறையில் அவனோடு உட்கார்ந்து பத்துப் படங்களையும் பார்த்து முடித்தேன். ஆறாவதில் ஒரு விமானம் கிளம்புவதற்காக ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓடுபாதை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் இருந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒன்பதாவதில் காரில் ராக்கெட்டைக் கட்டிக்கொண்டு விண்வெளிக்கே போகிறார்கள். தலையில் அடித்துக்கொண்டேதான் பார்த்தேன், ஆனால் எழுந்து போக முடியவில்லை. நல்ல சினிமா பற்றி உங்கள் கட்டுரைகளைப் படித்து வளர்ந்தவன் நான். இது ரசனைச் சரிவா? மகனை இதிலிருந்து மெல்லத் திருப்ப வேண்டுமா?

ர.

அன்புள்ள ர,

ரசனைச் சரிவு என்ற கவலையை ஓரமாக வையுங்கள். நல்ல சினிமா பார்ப்பது ஒன்றும் விரதம் இல்லை, இடையில் வேறு எதையும் தொடக்கூடாது என்பதற்கு. விண்வெளிக் காரையும் விட்டுவிடலாம். பரணி பாடியவர்கள் போர்க்களத்தில் பேய்களைக் கூழ் காய்ச்ச வைத்தார்கள். அடுப்பு எரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

இயற்பியல் ஆசிரியர் என்பதால் ஒன்று மட்டும். 1974-ல் வந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில், தாய்லாந்தில், உடைந்த பாலத்தின் மேல் ஒரு கார் காற்றில் முழுச்சுற்று சுழன்று மறுகரையில் சக்கரம் பதித்து இறங்கும். அதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்த பிறகுதான் எடுத்தார்கள். ஒரே டேக். உங்கள் பாடப்புத்தகம் தலையாட்டும் சாகசம். ஆனால் படத்தில் அந்த இடத்தில் கோமாளித்தனமாக ஒரு விசில் சத்தத்தைச் சேர்த்தார்கள், காட்சி காற்றுப்போன பலூனாகிவிட்டது. கணக்குச் சரியாக இருந்தால் காட்சி நிற்கும் என்று நினைக்காதீர்கள். உங்கள் மகனின் வரிசையில் ஐந்தாவது படத்தில் இரண்டு கார்கள் ஒரு பெரிய இரும்புப் பெட்டகத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு ரியோ தெருக்களில் ஓடுகின்றன. கணக்கில் அது நடக்காது. ஆனால் போர்ட்டோ ரிகோவில் அதை எடுத்தபோது, சில காட்சிகளுக்குப் பெட்டகக் கூட்டை ஒரு வண்டியின் மேல் பொருத்தி, உள்ளே ஒரு ஸ்டண்ட்காரர் உட்கார்ந்து நிஜமாகவே ஓட்டினார். ஏழாவதற்கு நிஜக் கார்களை விமானத்திலிருந்து கீழே தள்ளினார்கள். நீங்கள் எழுந்து போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. பத்துப் படமும் பார்த்திருக்கிறீர்கள், உங்கள் கடிதத்தில் ஹான் என்ற பெயரே இல்லை. கொஞ்ச நாளாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பவன் அவன்தான். அந்த ஓடுபாதைக் காட்சியில் என்ன நடக்கிறது? ஹானைக் காப்பாற்றுவதற்காக அவன் காதலி கிஸெல் அவன் கையை விட்டுவிட்டு இருட்டில் விழுகிறாள். ஒருத்தி செத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் கிலோமீட்டர் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். என்ன மனுஷன் சார் நீங்கள்!

ஹான் யார் என்று நினைவுபடுத்துகிறேன். 2006-ல் வந்த மூன்றாவது படமான டோக்கியோ படத்தில், எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும் ஆள். அதிலேயே செத்துப்போனான். ரசிகர்களுக்கு அவனைப் பிடித்துவிட்டது, இயக்குநர் ஜஸ்டின் லினுக்கும் விட மனமில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அடுத்த மூன்று படங்களின் கதையையும் டோக்கியோவுக்கு முன்னால் நடப்பதாக வைத்துக்கொண்டார்கள். செத்தவனோடு இன்னும் கொஞ்ச காலம் இருக்கக் காலத்தையே பின்னால் தள்ளினார்கள். எனக்கு இந்த வரிசையில் மிகப் பிடித்த சாகசம் இதுதான். எந்த காரும் செய்யாதது.

பிறகு, அவனைக் கொன்றவன் டெக்கார்ட் ஷா என்று தெரியவருகிறது. ஏழாவதில் அவன்தான் வில்லன். எட்டாவதில் அதே ஷா நாயகனின் குழந்தையைக் காப்பாற்றுகிறான். உடனே மொட்டைமாடி விருந்தில் அவனுக்கும் ஒரு இடம்! நம் ஊரில் பங்காளித் தகராறு என்றாலே அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம். இங்கே நண்பனைக் கொன்றவனோடு ஒரே மேசையில் சாப்பாடு. அதே படத்தில் நீர்மூழ்கிக் கப்பல் பனியை உடைத்துக்கொண்டு கார்களைத் துரத்துகிறது. அதை ரசிகர்கள் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். இந்தச் சாப்பாட்டை ஏற்கவில்லை. ‘ஹானுக்கு நீதி வேண்டும்’ என்று இணையத்தில் வருடக்கணக்கில் கத்தினார்கள்.

லாஜிக் இல்லை, லாஜிக் இல்லை என்று எழுதும் அறிவாளிகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். அந்த உலகத்துக்கு லாஜிக் உண்டு. அதைக் கறாராகக் காவல் காப்பவர்கள், இந்த அறிவாளிகள் முட்டாள்கள் என்று நினைக்கும் அந்த ரசிகர்கள்தான். கார் எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதில் விளையாடக்கூடாது.

ஏழாவது படத்தை ஈரோட்டில் தமிழ்க் குரலில் பார்த்தேன். முன்வரிசை முழுக்கப் பட்டறைப் பையன்கள். அபுதாபியில் கார் கோபுரம் விட்டுக் கோபுரம் தாவியபோது சீட்டின் மேல் ஏறி நின்று கத்தினார்கள். படப்பிடிப்புப் பாதியில் இருக்கும்போதே, 2013 நவம்பரில், நாயகர்களில் ஒருவரான பால் வாக்கர் கார் விபத்தில் இறந்துவிட்டார். வேறொருவர் ஓட்டிய வண்டி. மீதிக் காட்சிகளில் அவருடைய தம்பிகள் நடித்தார்கள், முகத்தைக் கணினியில் ஒட்டினார்கள். கடைசியில் இரண்டு கார்கள் ஒன்றாகப் போய்ப் பாதை பிரியும்போது, அதுவரை கத்திக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம், “நிஜமாவே செத்துட்டாருடா” என்றான். இன்னொருவன் “தெரியும், பேசாத” என்றான்.

கதையில் மட்டும் அவர் பாத்திரத்தைக் கொல்லவில்லை. குடும்பத்தோடு எங்கோ இருக்கிறான் என்று விட்டுவிட்டார்கள். அது கண்ணியமான முடிவு, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ரசிகர்களுக்குப் பிடித்தவர்களை இவர்களால் சாகவிட முடியவில்லை. ஒன்பதாவதில் ஹான் திரும்பி வந்தான், அவன் சாகவே இல்லையாம், எல்லாம் நாடகமாம். நீதி கேட்டவர்களுக்கு ஆளையே கொடுத்து வாயை அடைத்துவிட்டார்கள். பத்தாவதின் கடைசியில் கிஸெலும் வந்து நிற்கிறாள். அப்படியானால் அந்த ஓடுபாதையில் அவள் கையை விட்டது எதற்கு? விழுகிறவர் சாகமாட்டார் என்று தெரிந்த பிறகு, கோபுரத்திலிருந்து விழுந்தால் என்ன, விண்வெளியிலிருந்து விழுந்தால் என்ன? நீங்கள் தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. ராக்கெட்டுக்கு அடித்துக்கொண்டு வீணாக்கிவிட்டீர்கள்.

மகன் விஷயத்தை மறந்தே போனேன். அவனை எங்கும் திருப்ப வேண்டாம். ஷா அந்த மொட்டைமாடியில் சாப்பிட உட்கார்ந்தது சரியா என்று மட்டும் கேளுங்கள். சரிதான் என்று சொன்னால் எனக்கு எழுதுங்கள், அப்புறம் அவனோடு நான் பேசிக்கொள்கிறேன்.