புல்வெளியில் பூத்திருப்பது ஆவாரையா?

இல்லினாய் மாநிலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஆகஸ்ட் மாதம் புல்வெளிப் பாதையோரம் ஆவாரம்பூவைப் போன்ற மஞ்சள் பூக்களைக் கண்டேன். பட்டாணிக் குடும்பம் என்றார்கள். ஆனால், பூ அவரைப்பூவைப் போல இல்லையே? இதைக் காய்ச்சிக் குடிக்கலாமா?"

அனுப்பிய படத்தில் மேலிதழ்களின் அடியில் செம்புள்ளி தெளிவாகத் தெரிவதால், இது பெரும்பாலும் 'பார்ட்ரிட்ஜ் பீ' என்னும் கமேக்ரிஸ்டா ஃபசிகுலேட்டாவாகவே இருக்கும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிகளுக்கும் நடுப்பகுதிப் புல்வெளிகளுக்கும் உரிய ஒருபருவச் செடி இது. பெயரில் கௌதாரி இருந்தாலும் இதன் விதையை விரும்பி உண்பது பாப்ஒயிட் காடைதான். தென் மாநிலங்களில் அந்தக் காடையையே கௌதாரி என்று அழைக்கும் வழக்கம் உண்டு.

உங்கள் ஐயம் நியாயமானது. பட்டாணிக்கும் அவரைக்கும் உள்ள வண்ணத்துப்பூச்சி வடிவப் பூ இக்குடும்பம் முழுவதற்கும் பொதுவானது அன்று. கொன்றையும் ஆவாரையும் அடங்கிய கிளையில் இதழ்கள் ஐந்தும் விரிந்தே இருக்கும். குடும்பத்தை உறுதிசெய்யப் பூவைவிடக் காயே நல்ல சான்று: தட்டையான இந்தக் காய் முற்றிக் காய்ந்ததும் இரு பக்கமும் வெடித்து, முறுக்கிக்கொண்டு விதைகளைத் தெறிக்கவிடும். ஆவாரையை நினைத்ததும் தவறில்லை. இரண்டும் முன்பு காசியா என்ற ஒரே பேரினத்தில்தான் இருந்தன. 1982இல் தாவரவியலாளர்களான இர்வினும் பார்னெபியும் அதைப் பிரித்து ஒழுங்குபடுத்தியபோது ஆவாரை சென்னாவிலும் இது கமேக்ரிஸ்டாவிலும் இடம்பெற்றன. ஆவாரை பல்லாண்டுப் புதர், அதன் இலையடிச் செதில்கள் காதுமடல்போல அகன்றவை. இச்செடியிலோ அவை குறுகிக் கூராக இருக்கும்.

குழப்பம் உண்மையில் வருவது அங்கேயே வளரும் வேறு இரண்டு செடிகளால்தான். அவற்றைப் பிரித்தறிய, இலைக்காம்பில் முதல் சிற்றிலைகளுக்குச் சற்றுக் கீழே உள்ள தேன்சுரப்பியைக் கைலென்ஸால் பாருங்கள். பார்ட்ரிட்ஜ் பீயில் அது காம்போடு ஒட்டிய சிறு தட்டைப் போலிருக்கும். பெரும்பாலும் எறும்பு ஒன்று அதை மொய்த்துக்கொண்டிருக்கும். கமேக்ரிஸ்டா நிக்டிடன்ஸில் சுரப்பி சிறு தண்டின்மேல் நிற்கும், பூவும் மிகச் சிறியது. மேரிலாந்து சென்னா ஆளுயரம் வளரக்கூடிய பல்லாண்டுச் செடி. சிற்றிலைகள் பெரியவை, எட்டு இணைகளுக்கு மேல் போவது அரிது, சுரப்பியும் காம்பின் அடிப்பகுதியிலேயே இருக்கும். பார்ட்ரிட்ஜ் பீயின் சிற்றிலைகள் தொட்டால் மெல்ல மடியும் என்றாலும், நிக்டிடன்ஸும் மடியும் என்பதால் அதை மட்டும் நம்பி முடிவுசெய்ய வேண்டாம்.

தேனீக்களைச் சிறிது நேரம் கவனித்தால் இன்னொரு சான்றும் கிடைக்கும். இந்தப் பூவுக்குள் தேன் இல்லை. மகரந்தப்பைகள் நுனித்துளை வழியாகவே திறப்பதால், பம்பிள் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு ரீங்கரித்து அதிரவைத்துத்தான் மகரந்தத்தை உதிர்த்தெடுக்கும்.

குடிப்பதைப் பொறுத்தவரை, வேண்டாம் என்பதே என் பதில். இலையிலும் விதையிலும் பேதிப்பொருள் உள்ளது, மிகுதியாக மேயும் கால்நடைகளுக்குத் தீங்கு நேர்கிறது. ஆவாரைக்கு நம் வீடுகளில் இருக்கும் பழக்கத்தை, உருவ ஒற்றுமையை மட்டும் வைத்து இதற்குப் பொருத்தக் கூடாது.