அறுந்த டைமிங் பெல்ட்: யார் பொறுப்பு?

கேள்வி: என் டீசல் கார் 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 1 லட்சத்தில் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் (பிஸ்டனோடு ஒத்துப்போகும்படி வால்வுகளை இயக்க வைக்கும் பட்டை) இப்போதே அறுந்து, வால்வுகள் வளைந்துவிட்டன. வாரண்டி முடிந்தது என்கிறது ஷோரூம். நஷ்டஈடு கிடைக்குமா? – வாசகர், திருப்பூர்

பதில்: வாய்ப்பு உண்டு, ஆதாரம் இருந்தால். முதலில் மேனுவலைப் பாருங்கள். கிலோமீட்டரோடு வருடக் கணக்கும் போட்டிருப்பார்கள். எது முந்துகிறதோ அதுதான் கெடு. அது தாண்டியிருந்தால் வழக்கு பலவீனம்.

தாண்டவில்லை என்றால், பெல்ட் ஏன் அறுந்தது என்பதுதான் எல்லாம். பல் உரிந்திருக்கிறதா, ஆயில் ஊறி உப்பியிருக்கிறதா, டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) பேரிங் இறுகி பெல்ட்டின் ஓரம் தேய்ந்திருக்கிறதா? ஆயில் என்றால் சீல் (ஆயில் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) கசிவு. முந்தைய சர்வீஸில் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் பொறுப்பு சர்வீஸ் செய்தவர்களுடையது. எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் படம் எடுங்கள்; அறுந்த பெல்ட், டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை) ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பாகத்தைக் குப்பையில் போட்டால் வழக்கும் அதோடு போகும். தயவுசெய்து மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், சேதம் கூடும்.

சர்வீஸ் பில்களோடு டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். வாரண்டி முடிந்தாலும் நல்லெண்ண அடிப்படையில் செலவைப் பகிரச் சொல்லிக் கேட்கலாம். மசியாவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் புகார் தர வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு; அதை மனுவிலேயே கேளுங்கள்.