சின்ன டிஜிட்டல் கேமராவில் ஆப்டிகல் ஜூம், டிஜிட்டல் ஜூம் என்று இரண்டு இருக்கிறதே, என்ன வித்தியாசம்?

ஆப்டிகல் ஜூமில் லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடி வில்லைகள் நகர்ந்து, தூரத்துக் காட்சியைச் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) முழுக்க நிரப்புகின்றன. டிஜிட்டல் ஜூமில் எதுவும் நகர்வதில்லை. எடுத்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி, இழுத்துப் பெரிதாக்குகிறது கேமரா. மீந்த மாவில் தண்ணீர் ஊற்றிப் பத்து தோசை வார்ப்பது போலத்தான்: எண்ணிக்கை கூடும், மாவு கூடாது.

வேலூர்க் கோட்டை அகழிக்கு வெளியே நின்று ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 20 மெகாபிக்சல் கேமராவில் 4 மடங்கு டிஜிட்டல் ஜூம் போட்டால் அகலத்திலும் உயரத்திலும் கால்பங்குதான் மிஞ்சும். அதாவது பதினாறில் ஒரு பங்கு, வெறும் 1.25 மெகாபிக்சல். சுதைச் சிற்பங்களின் விரல்களும் நகைகளும் வண்ணத் திட்டுகளாகிவிடும். மெனுவில் டிஜிட்டல் ஜூமை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். வேண்டுமானால் வீட்டில் நிதானமாக வெட்டிக்கொள்ளலாம்.

ஆப்டிகல் ஜூமிலும் ஒரு சிக்கல் உண்டு. முழுக்க நீட்டினால் பெரும்பாலான சின்ன கேமராக்களில் உள்ளே வரும் வெளிச்சம் குறையும், கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். கேமராவைச் சுவர்மேல் ஊன்றி, 2 வினாடி டைமர் வையுங்கள். பட்டனை அழுத்தும் அதிர்வும் அடங்கிவிடும். சித்திரை வெயிலில் உச்சிவேளை வேண்டாம். சூடான காற்று அலையடித்துத் தூரத்துப் படம் எந்த லென்ஸிலும் குழையும். காலை 7 மணிக்குள் எடுத்தால் கூர்மையாக வரும்.

பெட்டியில் 30 எக்ஸ் என்றிருந்தால் கண்ணுக்குத் தெரிவதைவிட 30 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. லென்ஸின் மிக நீண்ட குவியத் தூரத்தை (இது கூடக் கூடத் தூரத்துக் காட்சி பெரிதாகத் தெரியும்) அதன் மிகக் குறுகிய குவியத் தூரத்தால் வகுத்த எண்தான் அது, 720 மி.மீ.யை 24 மி.மீ.யால் வகுத்தால் 30.